'இவென்சுவலி' வருகிறேன் என்றாயே

அன்பு மகனுக்கு,

உன் கடிதத்தை நான் கிழித்துப்போட்டதாக உன் தங்கை ஊரெல்லாம் சொல்கிறாள். கிழிக்கவில்லை. மேசைமேல் கவிழ்த்து வைத்தேன், அவ்வளவுதான்.

அதை அவள் மகள் நேஷாவுக்கு ஆங்கிலத்தில் எழுதியிருந்தாய். நம் ஊர் மாரிபோருக்கு 'இவென்சுவலி' வருவாயாம். நம் ஸ்லோவேனிய மொழியில் 'எவென்துவால்னோ' என்றால் 'ஒருவேளை'. கன்னியர் மடத்துப் பள்ளியில் நான் படித்த ஜெர்மனிலும் இத்தாலியத்திலும் அப்படித்தான்.

"ஒருவேளை வர்றவன் வரவே வேண்டாம்" என்றேன்.

நேஷா சிரித்துவிட்டாள். "ஐயோ பாட்டி, இங்கிலீஷ்ல அது வேற! எத்தனை நாளானாலும் மாமா கடைசியில வந்துடுவார்னு அர்த்தம். இந்த வார்த்தையாலதான் எனக்குப் போன பரீட்சையில மார்க் போச்சு."

ஒரு நோட்டில் 'பொய் நண்பர்கள்' என்று தலைப்பிட்டு, இப்படி ஏமாற்றும் சொற்களாக நானூறு எழுதி வைத்திருக்கிறாள். பதினேழு வயது. இந்த வீட்டில் என்னைத் திருத்தத் துணிந்த முதல் ஆள் அவள்தான். அன்று முழுவதும் எனக்குத் தலை நிமிர்ந்தே இருந்தது.

ஆனால் அவளிடம் கேட்க முடியாத ஒன்றை உன்னிடம் கேட்கிறேன். டப்ளினில் இருபது வருடம் இருந்துவிட்டாய். அந்தச் சொல்லை எழுதும்போது எந்த மொழியில் நினைத்தாய்?

ஸ்லோவேனியத்தில் பதில் எழுது.

உன் அம்மா