சின்னவன் போட்ட நீலச் சட்டை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன், வேளைக்குச் சாப்பிடு. நாங்கள் இங்கே நலம் என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது, ஆனால் இந்த முறை அப்படி எழுதினால் அது பச்சைப் பொய். போனில் சொல்ல வந்தால் நீ பாதியிலேயே கத்திவிட்டு வைத்துவிடுகிறாய். லாரி ஷெட்காரனை வெட்டுவேன், ஷெட்டைக் கொளுத்துவேன், டிக்கெட் எடுத்துவிட்டேன் என்கிறாய். கடிதத்தோடு நீ சண்டை போட முடியாது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடைசி வரி வரைக்கும் படி. நடுவில் எழுந்து சுவரைக் குத்தாதே. உன் அப்பா அன்றைக்கு ஆஸ்பத்திரிச் சுவரைக் குத்தி இரண்டு விரலை உடைத்துக்கொண்டு கட்டோடு உட்கார்ந்திருக்கிறார், அவருக்குச் சோறு பிசைந்து கொடுப்பதும் என் தலையில்தான். ஒரு வீட்டுக்கு ஒரு முட்டாள் போதும்.

உன் தம்பி சின்னவன் பிழைத்துவிட்டான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். விலா எலும்பு உடைந்திருக்கிறது, இருமினால் கண்ணில் தண்ணீர் வருகிறது. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், குழாய் வைத்துக் கஞ்சி குடிக்கிறான். இடது கண்தான் போனது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது, இனி இவ்வளவுதான் என்று டாக்டர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார். கண்ணாடிக் கடை முதலாளி நல்ல மனிதர், வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. ஆனால் கண்ணாடியில் கோடு கிழிக்க இரண்டு கண்ணும் வேண்டுமாம், இனிமேல் விளிம்பு தேய்க்கும் மெஷினில் நிற்கட்டும் என்றார். அவன் அதற்கும் தலையாட்டினான்.

நீ வேலைக்காகத்தான் வெளிநாட்டுக்குப் போனாய் என்று நாம் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி நமக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது. லாரி ஷெட்காரரின் தம்பி வண்டியைக் கொண்டுவந்து நம் வாசலை மறித்து நிறுத்தினான், எடுக்கச் சொன்ன அப்பாவைக் கெட்ட வார்த்தை சொன்னான், உன் கையில் ஸ்பேனர் இருந்தது. ஒரே அடிதான் அடித்தேன் என்று நீ இன்றுவரை சொல்கிறாய். நான் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவன் கீழே விழுந்த பிறகும் அடித்தாய். முகத்தைப் பொத்திக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டான், அப்போதும் அடித்தாய். நான் ஓடிவந்து உன் முதுகில் தொங்கித்தான் உன்னை இழுக்க வேண்டியிருந்தது. அவனுக்கு ஒரு கண் போயிற்று. அவர்கள் போலீசுக்குப் போகவில்லை, நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்கள். அதனால்தான் உன்னை அவசர அவசரமாகக் கப்பலேற்றாத குறையாக அனுப்பினோம். மூன்று வருஷமாக அந்த ஷெட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவன், பெரியவன் எப்ப வர்றான் என்று கேட்பான். சிரித்துக்கொண்டே கேட்பான்.

இப்போது துணி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இரட்டைக் கைக்குழந்தைகளாக இருந்தபோது எவன் யார் என்று தெரியாமல், ஒருவனுக்கே இரண்டு தரம் காய்ச்சல் மருந்தை ஊட்டிவிட்டு மற்றவனைக் கொதிக்க விட்டவள் நான். அன்றைக்கே உனக்கு நீலம், அவனுக்குப் பச்சை என்று பிரித்துவிட்டேன். சட்டை, துண்டு, கைக்குட்டை எல்லாமே அப்படித்தான் தைத்தேன். வளர்ந்து மீசை வந்த பிறகும் நீங்கள் நிறத்தை மாற்றவில்லை. தெருவுக்கு நீங்கள் நீலமும் பச்சையும்தான், பெயர் யாருக்கும் நினைவில்லை. நீலம் வர்றான் ஒதுங்கு, பச்சை வர்றான் கடன் கேளு என்று டீக்கடைக்காரர் கேலி செய்வார். இந்தப் பிறந்தநாளுக்கு நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் சொல்லாமல் திட்டம் போட்டீர்கள். நீ உன் மில்லிலிருந்து நல்ல நீலத் துணி அனுப்பினாய், என் நிறத்தை நீ போடு என்று. அவன் பச்சைத் துணி வாங்கி உனக்கு அனுப்பினான், என் நிறத்தை நீ போடு என்று. பார்சலைப் பிரித்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஏண்டா, ஒருத்தன் நிறத்தை ஒருத்தன் போட்டா நானே குழம்பிப் போவேனே என்றேன். ஒரு நாளைக்கு அண்ணனா இருந்து பார்க்கிறேன்மா என்றான் சின்னவன். வழுவழுவென்று ஊசிக்கு அடங்காத துணி, காலரை இரண்டு தரம் பிரித்துத் தைத்தேன். பட்டன் காஜாவை மெஷினில் போடாமல் கையாலேயே போட்டேன். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான், எனக்கு ஒரு நிமிஷம் நீயே வந்துவிட்டாய் போலத்தான் இருந்தது. எனக்கே அப்படி என்றால் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

பிறந்தநாள் அன்றைக்கு நீ வீடியோவில் வருகிறேன் என்று சொன்ன நேரத்துக்கு முன்னால் கேக் வாங்கிவரப் போனான். அடித்ததை நான் பார்க்கவில்லை, டீக்கடைக்காரர்தான் பார்த்தார், அவர் சொன்னதைச் சொல்கிறேன். அவன் கேக் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்திருக்கிறான். ஷெட்டிலிருந்து நாலு பேர் இறங்கி மறித்திருக்கிறார்கள். ஷெட்காரரே முன்னால் நின்றிருக்கிறார், தம்பி அன்றைக்கு ஊரில் இல்லை. ஏதோ கேட்டார்கள், இவன் ஏதோ சொன்னான், அவ்வளவுதான். முதல் அடி தாடையில். கேக் ரோட்டில் விழுந்தது, இவன் அதன் மேலேயே விழுந்தான். வயிற்றில் மிதித்திருக்கிறார்கள், புரட்டிப் போட்டு முதுகில் மிதித்திருக்கிறார்கள், டயர் கழற்றும் கம்பியால் விலாவில் அடித்திருக்கிறார்கள். கண்ணுக்குக் கண்ணுடா என்று சொல்லிச் சொல்லி பூட்ஸ் காலால் முகத்தில் உதைத்திருக்கிறார்கள். ஒருத்தர்கூடக் கிட்டப் போகவில்லை. டீக்கடைக்காரர் கொதிக்கிற வெந்நீரை எடுத்துக்கொண்டு ஓடிவந்து வீசினாராம், அதன் பிறகுதான் விட்டார்களாம். வெந்நீர் இவன் கால் மேலும் பட்டுத் தோல் உரிந்திருக்கிறது, அதற்கு அவர் என் முன்னால் நின்று அழுதார். அழாதீங்க, நீங்க ஊத்தலேன்னா அவன் செத்திருப்பான் என்றேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அந்தச் சட்டையைக் கத்தரிக்கோலால் நீளவாக்கில் வெட்டி எடுத்தாள். நீலத் துணியில் ரத்தம் கறுப்பாகத்தான் தெரிகிறது. தோளில் தையல் பிரியாமல் இருந்தது, பையன் பிரிந்து கிடந்தான்.

எனக்கு அப்போது வந்த கோபத்தை உனக்குச் சொல்லவேண்டியதில்லை, நீ என் வயிற்றில் பிறந்தவன், அது எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து துணி வெட்டும் பெரிய கத்தரியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். ஷெட்டுக்குப் போகிறேன், அந்த ஆள் கழுத்தில் இறக்குகிறேன், நீ அடிச்சது எவனைன்னு தெரியுமாடா, தப்பான பிள்ளையை அடிச்சிட்டியேடா நாயே என்று நடுரோட்டில் நின்று கத்துகிறேன், அதுதான் திட்டம். அப்பா குறுக்கே நின்றார், அவரைத் தள்ளிவிட்டேன். அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, சின்னவன் கண் விழித்து என்னைக் கேட்கிறான் என்று. பையோடு அங்கே போனேன். நல்லவேளை போனேன்.

வாய் திறக்க முடியாமல் பல்லுக்கு நடுவில்தான் பேசினான். முதலில் கேட்டது, அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா என்று. பிறகு மெதுவாகச் சொன்னான். அவர்கள் மறித்தபோது, நீலம்தானடா நீ என்று கேட்டார்களாம். இவன் ஆமா என்றானாம். ஆமான்னுட்டேன்மா என்றான். ஏண்டா, பச்சைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பாங்களேடா என்றேன். விட்டிருப்பாங்க, ஆனா அண்ணன் வர்ற வரைக்கும் காத்திருப்பாங்கம்மா, அவன்னா திருப்பி அடிப்பான், அப்புறம் கொன்னுடுவாங்க, நான் திருப்பி அடிக்க மாட்டேன்ல என்றான். அவனை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அடிக்க முகத்தில் இடம் இல்லை, எல்லாம் கட்டு. கட்டில் கம்பியைத்தான் அடித்தேன், உள்ளங்கை வீங்கிவிட்டது. பிறந்தநாள் அன்றைக்கு உன் வீடியோ காலை அவன் கட் பண்ணிவிட்டான் என்று கோபித்துக்கொண்டாயே, அதையும் கேட்டுக்கொள். அடி விழுந்துகொண்டிருக்கும்போதுதான் உன் போன் வந்திருக்கிறது. எவனாவது எடுத்தால் திரையில் நீ பச்சைச் சட்டையோடு பல்லைக் காட்டிக்கொண்டு வந்து, டேய் தம்பி என்பாய், குட்டு உடைந்துவிடும். போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துச் சாக்கடையில் எறிந்திருக்கிறான். முகத்தைப் பொத்த வேண்டிய கையால் அதைச் செய்திருக்கிறான். கண்ணில் உதை விழுந்தது அப்போதுதான்.

மறுவாரம் ஷெட்காரர் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்தார். கத்தரி என் பைக்குள்தான் இருந்தது, கையும் பைக்குள்தான் இருந்தது. தம்பி கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, இருக்கிற ஒற்றைக் கண்ணால் சின்னவன் முகத்தை வெகுநேரம் பார்த்தான். அந்த இன்னொரு கண்ணை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். இமை குழிக்குள் ஒட்டிப் போயிருக்கிறது, ஓரத்தில் சும்மா சும்மா நீர் வடிகிறது, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருக்கிறான். நீ அதைப் பார்க்கவில்லை, பார்க்காமலேயே விமானம் ஏறிவிட்டாய். இது நீலம்தானே என்று என்னைக் கேட்டான். பெற்றவளைக் கேட்டால் பொய் வராது என்று நினைத்திருப்பான். அந்த ஒரு மருந்துக்குப் பிறகு நான் உங்களை மாற்றிக் கூப்பிட்டதே கிடையாது, காய்ச்சலிலும் தூக்கத்திலும் கூட மாற்றியதில்லை. ஆமா, என் மூத்தவன்தான், இவன் ஊருக்கு வந்துட்டான், பச்சைதான் இவன் இடத்துக்கு வெளிநாட்டு வேலைக்குப் போயிருக்கான் என்றேன். சின்னவன் விரலால் என் புடவை ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். அப்ப சரி, இதோட முடிஞ்சுது, இனிமே எங்க கை உங்க வீட்டு மேல படாது என்று ஷெட்காரர் சொன்னார். வாசல் வரை போன தம்பி திரும்பி வந்து, கண்ணுல நீர் வந்துட்டே இருக்கும், அழுத்தித் தேய்க்காதீங்க, பஞ்சால ஒத்தி எடுங்க என்று சொல்லிவிட்டுப் போனான். கத்தரியைப் பைக்குள்ளேயே விட்டுக் கையை எடுத்தேன். போலீஸ் வந்து கேட்டபோது ஆள் யாரும் தெரியவில்லை என்று சின்னவன் எழுதிக் கொடுத்துவிட்டான். டீக்கடைக்காரருக்கும் கண்ணாடிக் கடை முதலாளிக்கும் எல்லாம் தெரியும், அவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்.

இப்போது உனக்கு. அங்கே நீ கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். உன்னை முதலில் வெட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றாத நாள் இல்லை, அதையும் தெரிந்துகொள். நீ வந்து அந்தத் தெருவில் ஒரு கையை ஓங்கினால் போதும், நீலம் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். நீ கை ஓங்காமல் இரண்டு கண்ணோடு நீலச் சட்டையில் சும்மா நடந்தாலும் தெரிந்துவிடும். அப்புறம் அவன் பட்ட அடியெல்லாம் தெருநாய் பட்ட அடி. வராதே என்று சொல்லவில்லை, வா. மூன்று வருஷமாக உனக்கு அடைத்திருந்த வாசலை அவன் முகத்தைக் கொடுத்துத் திறந்து வைத்திருக்கிறான், நீ வராவிட்டால்தான் அவன் ஒடிந்துபோவான். ஆனால் பச்சையாக வா. பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கு, பச்சை என்று கூப்பிட்டால் திரும்பிப் பார், கடன் கேட்டால் கொடு, எவனாவது தோளில் இடித்தால் சிரித்துவிட்டுப் போ. ஒரு வாரத்துக்கு அல்ல, இந்தத் தெருவில் நீ கால் வைக்கும் ஒவ்வொரு தடவையும். உன்னால் முடியாது என்றால் அங்கேயே இரு, அதையும் நான் தாங்கிக்கொள்வேன்.

நீ நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், உனக்கும் அவனுக்கும் சேர்த்துத்தான் எப்போதும் கேட்டுக்கொள்கிறேன், இனியும் பிரித்துக் கேட்க எனக்குத் தெரியாது. அப்பா உனக்கு ஆசி சொல்லச் சொன்னார், அடிபடாத இடது கையால் எழுதுகிறேன் என்று உட்கார்ந்தார், கோடுதான் வந்தது.

ஒன்றை மட்டும் மறக்காதே. நீ வந்து இறங்கியதும் அந்தத் தம்பி ஷெட் வாசலில்தான் நிற்பான். பகை முடிந்த தைரியத்தில் உன்னைக் கூப்பிடுவான். பச்சை, உங்க அண்ணனுக்குக் கண்ணு இப்ப எப்படி இருக்கு என்று கேட்பான். தலையைக் குனியாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தக் குழிந்த கண்ணைப் பார்த்துக்கொண்டே அவனுக்குப் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வா.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேரையும் பெற்ற அம்மா