எழுத்து தெரிகிறதா, வாப்பா?

கீழக்கரை,
வியாழன் இரவு.

என் அன்பு வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்மாவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் சுகத்தை நான் கேட்கப்போவதில்லை. கேட்டால், "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன் மகளே" என்றுதான் சொல்வீர்கள். அதனால்தான் போனை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

உங்கள் கண்ணுக்கு என்ன வாப்பா? எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். சரியாகப் பார்வை இல்லாமல் கத்தார் ரோட்டில் நீங்கள் தண்ணீர் லாரி ஓட்டுகிறீர்கள் என்று நினைத்தால் படுக்கப் போக முடியவில்லை. உம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. உம்மா பக்கத்து அறையில் தூங்குகிறார்கள். நான் ஹாலில் சத்தத்தை அணைத்துவிட்டு, நீங்கள் வாங்கச் சொன்ன டிவியின் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுந்து வந்தால், கம்ப்யூட்டரில் அப்டேட் ஓடுகிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். நீங்கள் அனுப்பிய அந்தச் சின்னக் கம்ப்யூட்டர்தான் சொன்னது. டிவியோடு மாட்டி வீட்டையே தியேட்டர் ஆக்கிவிடு, எந்த சிஸ்டம் போடுவதென்று நீயே பார்த்து முடிவு செய் என்றீர்கள். பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் விண்டோஸ், உபுண்டு இரண்டும் இருப்பதால் எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான். சுஐபு மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. "மொபைல் கடை வச்சிருக்குற மாமன் இங்கன இருக்கேன், மச்சான் புள்ளகிட்ட வேலயக் குடுக்குறாரு பாரு" என்று உம்மாவிடம் குறைப்பட்டார். கடையில் எல்லோருக்கும் போடுகிற விண்டோஸையே இதற்கும் போட்டு, ஒரு பென்டிரைவ் நிறையப் படம் ஏற்றித் தருவதாகச் சொன்னார். பெட்டியில் மெமரி குறைவு, விண்டோஸ் அதற்குக் கனம் என்றேன். "அப்ப நீயே தூக்கிச் சொம" என்று சிரித்துவிட்டுப் போனார்.

முதலில் நான் படத்துக்கு மட்டுமான சிஸ்டத்தைப் போட்டேன். சுவிட்சைத் தட்டினால் நேராகப் படங்களின் பட்டியல்தான் வரும். கீபோர்டு, மவுஸ் எதுவும் வேண்டாம், ரிமோட் போதும். உம்மாவுக்கு மிகவும் பிடித்திருந்தது. வேலை முடிந்தது என்று உங்களிடம் சொன்னேன். அப்போதுதான் நீங்கள் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தீர்கள். லீவில் வந்தால் நானும் பார்க்க வேண்டுமே, எழுத்தைப் பெரிதாக்க முடியுமா என்றீர்கள், ஆக்கினேன். இன்னும் பெரிதாக என்றீர்கள். கறுப்பில் வெள்ளை எழுத்தாக வருமா என்றீர்கள். பட்டன் நகரும்போது டிக்கென்று சத்தம் வந்தால் நல்லது என்றீர்கள். அடுத்த வெள்ளிக்கிழமை, படத்தின் பெயரை அதுவே தமிழில் வாசித்துச் சொல்லுமா என்று கேட்டீர்கள். உம்மா விழுந்து விழுந்து சிரித்தார்கள். "கேட்டியா சேதிய, படம் பேர வாசிக்கக்கூட ஒங்க வாப்பாவுக்குச் சோம்பல் வந்திருச்சு" என்றார்கள். நீங்களும் அங்கே சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

பெயரை வாசிக்க வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் அழித்துவிட்டு உபுண்டு போட்டேன். அதில் தமிழ் வாசிக்கும் குரல் ஒன்று இருக்கிறது. ஜலதோஷம் பிடித்தவர் பேசுகிற மாதிரி இருக்கும், ஆனால் புரியும். திரையில் எந்த இடத்தையும் உருப்பெருக்கிப் பார்க்கலாம். அதைக் காட்டத்தான் போன வெள்ளிக்கிழமை வீடியோ காலில் கூப்பிட்டேன். போனை டம்ளரில் சாய்த்து டிவிக்கு எதிரே ஸ்டூலில் வைத்தேன். நம் வீட்டு உப்புக் காற்றில் டிவியின் பின்னால் கேபிள் சொருகும் இடம் துருப்பிடித்துப் படம் வருவதும் போவதுமாக இருந்தது. நான் பின்னால் போய்க் கேபிளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்ப எழுத்து தெரியுதா வாப்பா?" என்று கத்தினேன். "பளிச்சுன்னு தெரியுது மகளே. பேரெல்லாம் நல்லாப் பெருசா இருக்கு. இதயே வச்சிரு" என்றீர்கள்.

கேபிளைப் பிடித்த கையை விடாமலே தலையை நீட்டி முன்பக்கம் பார்த்தேன் வாப்பா. டிவி வெறும் நீலமாக இருந்தது. ஓர் எழுத்துகூட இல்லை.

சரி வாப்பா, வைக்கிறேன் என்றுதான் சொன்னேன். நீங்கள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, பிள்ளை மனம் நோகக்கூடாதென்று அப்படிச் சொல்லியிருக்கலாம் என்றும் நினைத்துப்பார்த்தேன். ஆனால் அதற்குப் பிறகு மற்றதெல்லாம் ஞாபகம் வந்தது. ராத்திரி ஓட்டம்தான் குளிர்ச்சி, ரோடும் காலி என்று எப்போதும் சொல்கிற நீங்கள், நோன்பு முடிந்ததிலிருந்து பகல் ஓட்டம் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். வாட்ஸப்பில் நான் எழுதி அனுப்பினால் பதில் வராது. குரலில் பேசி அனுப்பினால் உடனே வரும். அடுத்த காலில் ஏதாவது ஒரு தாளைக் காட்டி உங்களைச் சோதித்துப் பார்த்திருக்கலாம். என் வாப்பாவைச் சோதிக்க எனக்கு மனம் வரவில்லை.

உம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நம் வீட்டுச் சட்டம்தான் உங்களுக்குத் தெரியுமே. சபர் போய் வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இங்கிருந்து கெட்ட சேதி போகக்கூடாது. உம்மாவுக்கு மதுரையில் ஆபரேஷன் நடந்தபோதுகூட, கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள் என்றுதான் மாமா உங்களிடம் சொன்னார். லீவில் வந்து தெரிந்துகொண்டதும், "எல்லாருமாச் சேந்து நல்லா ஏமாத்திட்டீங்க" என்று சிரித்தீர்கள். கெட்ட சேதியை இங்கிருந்து அங்கே அனுப்பமாட்டார்கள் என்று மட்டும்தான் அதுவரை எனக்குத் தெரியும். அங்கிருந்தும் இங்கே வராது என்று இப்போது தெரிகிறது. நான் இப்படிக் கேட்டு எழுதியது தெரிந்தால் உம்மா என்னைச் சும்மா விடமாட்டார்கள். அதைவிட, நான் நினைப்பது சரியாக இருந்துவிடுமோ என்பதுதான் பெரிய பயமாக இருக்கிறது.

நேற்று மாமா மறுபடியும் வந்து, பாட்டுக் கேட்கிற டிவி எதற்கு ஜலதோஷக் குரலில் பேசுகிறது, இதை அழித்துவிட்டு விண்டோஸ் போடுகிறேன் என்று உட்கார்ந்தார். உம்மாவும், "மாமா சொல்றதக் கேளு புள்ள, எனக்கும் அந்தக் கொரலு புடிக்கல" என்றார்கள். நான் கீபோர்டைக் கொடுக்கவில்லை. பள்ளிக்கூட புராஜெக்ட் இதில்தான் இருக்கிறது என்று சொன்னேன். "இது தியேட்டரா, டியூஷன் சென்டரா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து போனார். புராஜெக்ட் எதுவும் இல்லை வாப்பா. அந்தக் குரல் உங்களுக்குத் தேவைப்படும் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வேன்?

இப்போது இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறேன். அடியில் உபுண்டு, அதன் மேல் படப் பட்டியல் தானாகவே திறக்கும். உம்மா ரிமோட்டை எடுத்தால் குரல் பேசாது. உங்களுக்கென்று கீபோர்டில் ஒரு பட்டன் வைத்து, விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி அதன் மேல் உம்மாவின் பர்தாவிலிருந்து உதிர்ந்த ஒரு மணியை ஒட்டியிருக்கிறேன். அதை அழுத்தினால் எழுத்துகள் பெரிதாகி, குரலும் வாசிக்க ஆரம்பிக்கும். அவ்வளவுதான், வேறு எதையும் தொட வேண்டியதில்லை.

ஆனால் நீங்கள் இதற்காக வரவேண்டாம். கண்ணுக்காக வாருங்கள். நீ காலேஜ் முடிக்கும்வரை ஓட்டிவிடுகிறேன் என்று போன லீவில் சொன்னீர்கள். நம் ஊரிலேயே காலேஜ் இருக்கிறது, நான் நடந்தே போய்விடுவேன். மதுரையில் கண்ணுக்குப் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. பஸ்ஸில் நான் கூட வருகிறேன். இன்னும் நாள் தள்ளினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

நாளை ஜும்ஆத் தொழுகை முடிந்து எதிர்வீட்டு சல்மான் காக்கா கத்தாருக்குச் சபர் கிளம்புகிறார். உம்மா அவரிடம் கொடுக்கும் தொதல் இனிப்பு டப்பாவுக்கு அடியில் இதை வைக்கிறேன். மார்க்கர் பேனாவால் பக்கத்துக்கு நாலைந்து வரிதான் எழுதியிருக்கிறேன், கட்டு இவ்வளவு தடிமனாக இருப்பது அதனால்தான். இந்த எழுத்தை நீங்களே வாசித்து முடித்திருந்தால் நான் நினைத்ததெல்லாம் தப்பு. போனில் கூப்பிட்டு ஆசை தீர என்னைத் திட்டுங்கள். உம்மாவிடமும் சொல்லிவிடுங்கள். அவர்கள் அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

வாசிக்க முடியாமல் சல்மான் காக்காவிடம் கொடுத்திருந்தால், காக்கா, இனி உள்ளது உங்களுக்கு. சத்தமாகப் படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு வாப்பாவிடமிருந்து லாரிச் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றுமில்லை, சின்னப் பிள்ளை எதையோ எழுதியிருக்கிறது என்று வாப்பா சிரிப்பார். நீங்களும் கூடச் சிரித்துவிடாதீர்கள் காக்கா. சாவி உங்கள் கைக்கு வரும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். அல்லாஹ் உங்களுக்கு நிறைவான கூலியைத் தருவான்.

உங்கள் இருவருக்கும் துஆச் செய்துகொண்டிருக்கும்,
ஹுமைரா