பெட்டியில் இல்லாத சீட்டு

டிசம்பர் 13, புதன்

மோங்கி மலை ஊர்க் குளிரில் தண்ணீர் கொதிக்கிறது, கிழங்குதான் வேகமாட்டேன் என்கிறது. நான் அடுப்போடு மல்லுக்கட்ட, மருமகன் எவெலியோ போனைப் பார்த்துச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தான். புது வருஷத்தில் போய்ப் பார்க்க வேண்டிய பத்து இடங்களாம்.

"அஞ்சு நிறத்துல ஓடுற ஆறாம், அத்தை. போலாமா?"

"ஒரே நிறத்துல ஓடுற ஆறு நம்ம ஊர்லயே இருக்கு. அதைப் பார்த்தது போதும்."

பேத்தி கமீலாவுக்குத் தீவு வேண்டும். எவெலியோவுக்குக் காப்பி மலை. மகள் மிரேயா வாயைத் திறக்காமல் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். ஆறாவது இடம் வந்ததும் எவெலியோ யோசிக்காமல் "ரியோஹாச்சா" என்று வாசித்துவிட்டான். பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மூடியை ஓங்கிப் பானைமேல் வைத்தேன். அந்தக் கடற்கரை ஊரின் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. அங்கேதான் என் தங்கை ரொசால்பா இருக்கிறாள்.

டிசம்பர் 16

தூக்கம் வரவில்லை. எல்லாம் அந்தப் பெயரால் வந்தது.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் எதையும் மறந்ததில்லை. 1998 பிப்ரவரி. அம்மா போன ஒன்பதாம் நாள். சாம்பல் நிறம், ஓரத்தில் இரண்டு வெள்ளைக் கோடு — அம்மாவின் ருவானா, அவளே நெய்து போர்த்திக்கொண்ட கம்பளி, ஆணியில் இல்லை. ரொசால்பாவின் பெட்டி மூடாமல் கிடந்தது. அதிலிருந்து கம்பளிக் குஞ்சம் எட்டிப் பார்த்தது. ஜெபத்துக்கு வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன், "வெயில் ஊருக்குப் போறவளுக்குக் கம்பளி எதுக்குடி?"

அவள் சொன்னாள்: "அக்கா, உனக்கு எல்லாமே உன்னோடதுதான்."

அம்மா படுக்கையில் கிடந்த ஏழு மாதமும் அவளுக்குக் கால் கழுவிவிட்டது நான். இவள் கடல் காற்று வாங்கிக்கொண்டிருந்தாள். ஒரு சொல்கூட மறக்கவில்லை.

டிசம்பர் 24

வாழையிலையில் சோளமாவு கட்டி வேகவைத்தோம். நாற்பத்திரண்டு பொட்டலம். இரண்டு பிரிந்துவிட்டது.

ஜனவரி 1, திங்கள்

நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

மதியம் பன்னிரண்டுக்குப் போன் அடித்தது. வருஷா வருஷம் டிசம்பர் முப்பத்தொன்று, அதே நேரம். வருஷா வருஷம் நான் எடுப்பதில்லை. மிரேயாதான் பேசினாள். பிறகு அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"சித்தி கேக்குறாங்கம்மா. கடலைப் பார்க்க நீ எப்ப வர்றேன்னு."

"கடல் இத்தனை வருஷமா எங்கயும் ஓடிப்போகல. இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்."

ராத்திரி வழக்கம்போலத்தான். பன்னிரண்டு மணி அடிக்கும்போது பன்னிரண்டு திராட்சை, சட்டைப் பையில் ஒரு பிடி பயறு, தெரு முனையில் பழைய வருஷத்துப் பொம்மைக்குத் தீ. அப்புறம் பெட்டி. புது வருஷத்தில் பயணம் வாய்க்க வேண்டுமென்றால் வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றி வர வேண்டும். எல்லா வீட்டிலும் வெறும் பெட்டிதான். எங்கள் வீட்டில் மட்டும், எவெலியோ மருமகனாக வந்ததிலிருந்து, ஆளுக்கொரு இடத்தைச் சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் போடுகிறோம். சுற்றி வந்ததும் ஒன்றை எடுப்பது. எந்த ஊர் வருகிறதோ அந்த ஊர். மிச்சச் சீட்டைப் பிரிக்காமல் பொம்மை நெருப்பில் போட்டுவிட வேண்டும். பிரித்தால் அதிர்ஷ்டம் கெடும்.

சாப்பாட்டுக்கு முன்னால் பெட்டியைத் துடைக்க நான்தான் போனேன். நான்கு சீட்டும் உள்ளே கிடந்தன. மிரேயாவின் சீட்டு மட்டும் கமீலாவின் நோட்டுத் தாள், நீலக் கோடு போட்டது. பிரித்துப் பார்த்தேன். ரியோஹாச்சா.

எடுத்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன்.

மூன்று சீட்டோடுதான் பெட்டி தெருவைச் சுற்றியது. எவெலியோ இழுத்த இழுப்பில் ஒரு சக்கரம் கழன்று ஓடியது. பக்கத்து வீட்டு எலாடியோ, "என்னப்பா, பெட்டி உனக்கு முன்னாலயே ஊருக்குப் புறப்பட்டுடுச்சு!" என்றான். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். கமீலா சீட்டெடுத்தாள். காப்பி மலை. எவெலியோ குதித்தான். மிச்சத்தை நானே நெருப்பில் போட்டேன்.

மிரேயா தீயையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன பார்வை அது? நான் சீட்டை எடுத்தது யாருக்கும் தெரியாது. தெரிந்தால்தான் என்ன?

ஜனவரி 14

காப்பி மலைக்குப் போய்த் திரும்பிவிட்டோம். பனைமரம் ஒவ்வொன்றும் கோபுர உயரம். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிதான் மிச்சம். ஆனால் அழகுதான். இல்லையென்று சொன்னால் பொய்.

பிப்ரவரி 17, சனி

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

துணி மடிக்கும்போது மிரேயா தானாகவே சொன்னாள். ரொசால்பாவுக்கு இருதயம் வீங்கியிருக்கிறதாம். நவம்பரிலேயே தெரியுமாம். மலை ஊர்ப் பக்கமே போகக்கூடாது, அந்த உயரத்தை நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"எனக்கு ஏன்டி சொல்லல?"

"தனக்கு உடம்பு சரியில்லாததைச் சொல்லி உன்னை வரவழைக்கக் கூடாதுன்னு சித்தி சத்தியம் வாங்கிட்டாங்க. 'நான் இனிமே ஏற முடியாது, அக்காதான் எறங்கி வரணும். பரிதாபப்பட்டு வர வேணாம், சீட்டுல வந்தா வரட்டும்'னாங்க. அதான் எழுதிப் போட்டேன். வரல."

வரல என்றாள். ஐயோ, வரலையா? வரவிட்டேனா நான்?

ரவிக்கைக்குள் வைத்த சீட்டு இப்போது ஜெபப் புத்தகத்தில் இருக்கிறது. அதை ஏன் எரிக்காமல் வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

பிப்ரவரி 20

எவெலியோ நாளைக்கே பஸ்ஸுக்குப் பதிவு பண்ணுகிறேன் என்றான். ஈஸ்டர் வாரத்தில் போகலாம் என்றேன். இன்னும் ஐந்து வாரம்தானே. உடனே ஓடினால் நான் தோற்றது மாதிரி ஆகாதா?

தொலையட்டும், அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எடுத்தது தப்பு அக்கா என்று, ஒரே ஒரு வார்த்தை.

மார்ச் 3

கமீலா துணிக்கடையிலிருந்து எனக்கு மெல்லிய சட்டை வாங்கி வந்தாள். ஆரஞ்சுப் பூ. இதைப் போட்டுக்கொண்டு கடலில் நின்றால் ரொசால்பா சிரித்தே விழுவாள்.

மார்ச் 9

காலை ஆறு மணிக்குப் போன் வந்தது. இந்தத் தடவை நான்தான் எடுத்தேன். அவளுடைய மகன்.

தங்கச்சி போயிட்டா.

மார்ச் 18, ரியோஹாச்சா

நேற்று அவளுடைய ஒன்பதாம் நாள். அம்மாவின் ஒன்பதாம் நாளில் பிரிந்தோம், இவள் ஒன்பதாம் நாளுக்கு வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் ஒரு பகல் ஒரு ராத்திரி. இந்த வழி இவ்வளவுதானா?

முற்றம் நிறைய நாற்காலி. கிழவர்கள் ஓயாமல் டொமினோ தட்டுகிறார்கள். காப்பியில் ஒரே சர்க்கரை. பக்கத்து வீட்டு நிக்கோலாசா என்பவள் — அகலமான உடம்பு, ஓயாத வாய் — என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதான் எர்மெலிண்டாவா? நான் ஆறடி ஆளா இருப்பீங்கன்னு நினைச்சேன். அவ பயந்த பயத்துக்கு."

"எதுக்குப் பயந்தா?"

"'இனிமே இந்த வாசப்படிய மிதிச்சா நான் உனக்கு அக்கா இல்ல'ன்னு சொன்னீங்களாமே. அதனாலதானே வரல. நீங்களா கூப்பிடணும்னு உக்காந்திருந்தா."

நானா சொன்னேன்? நேற்றிலிருந்து அந்த நாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். யார் எங்கே நின்றார்கள், எந்தக் கோப்பையில் காப்பி கொடுத்தேன், எல்லாம் வருகிறது. அந்த வார்த்தை மட்டும் வரவில்லை. ஆனால் என் வாய்தான் அது. எனக்குத் தெரியாதா என் வாயை?

பிறகு நிக்கோலாசா கட்டிலடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தாள். அன்றைக்கு மூடாமல் கிடந்த அதே பெட்டி. உள்ளே ருவானா. சாம்பல் நிறம், இரண்டு வெள்ளைக் கோடு. கிழங்குப் புகை வாசனை போய்க் கற்பூர வாசனை வந்திருந்தது.

"வருஷப் பிறப்புக்கு எல்லாரும் வெறும் பெட்டியத் தூக்கிட்டுச் சுத்துவோம். இவ மட்டும் இதை உள்ள வெச்சுக்கிட்டுச் சுத்துவா. 'பெட்டி காலியா இல்லாம எப்படிடி பயணம் வரும்?'னு கத்துவேன். 'இதைக் கொண்டுபோய்க் குடுக்கத்தான்டி பயணமே'ம்பா. இருபத்தஞ்சு வருஷம், ஒரு வருஷம் விடல."

அவ்வளவு பேர் முன்னாலும் அதை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். அந்த வேக்காட்டில். யாரும் சிரிக்கவில்லை.

அவள் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க இத்தனை வருஷம் தெருவைச் சுற்றினாள். நான் எடுத்ததை யாரிடம் கொடுப்பேன்?

மார்ச் 19

கடலைப் பார்த்தேன். பெரிதாகத்தான் இருக்கிறது. ஆரஞ்சுப் பூச் சட்டை பெட்டியிலேயே இருக்கிறது.

ஆகஸ்ட் 6

எவெலியோ மறுபடியும் பட்டியல் படிக்க ஆரம்பித்துவிட்டான். பாவம், நல்ல மனுஷன். கிழங்கு இன்றைக்கு வெந்துவிட்டது.

டிசம்பர் 31, செவ்வாய்

பன்னிரண்டு மணிக்குப் போன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒன்று வரைக்கும் இருந்தேன். அடுப்பில் ஏதோ தீய்ந்தது, மிரேயா வந்து இறக்கினாள்.

சாயங்காலம் எல்லோரும் சீட்டு எழுதினார்கள். நான் எழுதவில்லை. ஜெபப் புத்தகத்திலிருந்து நீலக் கோடு போட்ட தாளை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன். மிரேயா பக்கத்தில்தான் நின்றாள். குனிந்து எடுத்துப் பிரித்தாள். அவளுடைய எழுத்து. ஒரு வருஷத்து மடிப்பு.

மடிப்பை விரலால் நீவினாள். பிறகு என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பழைய மடிப்பிலேயே மடித்துத் திரும்ப உள்ளே வைத்தாள். "சக்கரம் இன்னும் சரி பண்ணலம்மா. கனமா இருக்கும்" என்றாள்.

"நானே தூக்குறேன்" என்றேன்.