பின்னால் ஏறி நின்றவருக்கு

அண்ணாச்சி,

இன்று குடோனுக்கு மூட்டை தூக்கும் புது ஃபோர்க்லிஃப்ட் வண்டி வந்து இறங்கியது. அதன் பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர். வண்டிக்குப் பின்னால் ஒரு ஆள் தொற்றிக்கொண்டு நிற்கிறான், அவன் மேல் சிவப்புக் கோடு. மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. தண்ணீர்த் தொட்டி வரை போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன்.

நம் பழைய வண்டிக்கு அவ்வளவு நூல் மூட்டைகளை ஒரே தடவையில் தூக்கத் தெம்பு கிடையாது. தூக்கினால் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். இரண்டு நடையாக எடுக்க எனக்குப் பொறுமை ஏது? "அண்ணாச்சி, பின்னால கொஞ்சம் ஏறி நில்லுங்க" என்று குரல் கொடுப்பேன். லோடு ஏற்றும் ஆட்களில் உடம்புக்காரர் நீங்கள்தான். நீங்கள் ஏறினால் வண்டி அமைதியாக உட்காரும். "என் தொந்திக்குத் தனியாச் சம்பளம் போடச் சொல்லும்வே" என்பீர்கள். சிரித்துக்கொண்டே வண்டியை எடுப்பேன். அது தப்பு என்று ஓட்டுகிற எனக்கு நன்றாகவே தெரியும்.

அன்றைக்கும் கூப்பிட்டது நான்தான். வாசல் சரிவில் வண்டியைப் பின்னோக்கி இறக்கினேன். மூட்டை சரிந்துவிடுமோ என்று கண் முழுக்க முன்னாலேயே இருந்தது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. நீங்கள் பிடி நழுவி விழுந்ததை நான் பார்க்கவில்லை. சக்கரம் ஏறிய பிறகுதான் பார்த்தேன். திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். யாரும் சொல்லாமல் நீங்களாகவே வண்டியில் ஏறியதாக எழுதியிருந்தது. "கையெழுத்தப் போடும்வே. இல்லன்னா உம்ம லைசென்சும் போவும், வேலையும் போவும்" என்றார். போட்டேன்.

அந்தத் தாளைத்தான் உங்கள் மனைவி, எங்கள் மைனி, நம்பினார்கள். நான் உங்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் உங்கள் படத்தைப் பார்த்து, "வேடிக்கை காட்டப் போயில்லா இப்படி என்னைய விட்டுட்டுப் போயிட்டீக" என்று ஏசுவார்கள். கொடுத்த காபியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்துவிடுவேன். இரண்டு வருடமாக இப்படித்தான்.

இன்று ஷிப்ட் முடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டேன். பஸ் ஸ்டாண்டு, கோவில் வாசல், மறுபடியும் பஸ் ஸ்டாண்டு என்று சங்கரன்கோவில் முழுக்க பைக்கில் சுற்றினேன். உங்கள் தெருமுனையில் இரண்டு தடவை வண்டியைத் திருப்பினேன். மூன்றாவது தடவை நேரே உள்ளே போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்.

"மைனி, அண்ணாச்சி தானா ஏறல. நான்தான் ஏறச் சொன்னேன். பயந்துபோய்ப் பொய்க் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"அவுகளா ஏறலையா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அதையே மறுபடியும் கேட்டார்கள். இல்லை என்றேன்.

என்னை அடிப்பார்கள் என்று நின்றேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர்கள் என் பக்கமே திரும்பவில்லை. உங்கள் படத்துக்கு முன்னால் போய் நின்று, "தெரியாமல்லா உங்கள ஏசிட்டேன். மன்னிச்சிருங்க" என்றார்கள்.

நாளைக் காலையில் மேனேஜர் முன்னால் நின்று உள்ளதை எழுதிக் கொடுத்துவிடுவேன், வேலை போனால் போகட்டும். ஆனாலும் உட்கார முடியவில்லை, அண்ணாச்சி. மைனி தெரியாமல் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டார்கள். நான் தெரிந்தே செய்தவன். எனக்கு இன்னும் வாய் வரவில்லை.