கையெழுத்து பொருந்தவில்லை

போன்-குருவா,
நவம்பர் 9

அன்புள்ள எர்வான்,

நலம். நீயும் மரியானும் குழந்தையும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மொன்றியாலில் பனி விழ ஆரம்பித்துவிட்டதாகச் செய்தியில் காட்டினார்கள். இங்கே வழக்கம்போல மழைதான். மாடி ஜன்னல் காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. விறகு கொண்டுவந்து போடும் ஃபான்ஷ் ஒரு ஆணி அடித்துச் சரிசெய்துவிட்டுப் போனார்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். இரண்டு தடவையும் நீ, "அம்மா, அவ பக்கத்துல நிக்கிறாளா? ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லு" என்றாய். கயெல் பக்கத்தில் இல்லை. அவள் இந்த வீட்டுக்கு வேலைக்கு வராமல் செய்ததே நீதான், பிறகு எங்கிருந்து நிற்பாள்? ஆகவே உட்கார்ந்து வரிசையாக எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

எல்லாம் ஃபான்ஷுக்குக் கொடுத்த செக்கில் ஆரம்பித்தது. குளிர்காலத்து விறகுக்காகக் கொடுத்தது. பாங்க் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. அவர் அதை எடுத்துவந்து, பார்க்கக்கூடாத படம் மாதிரி, சமையலறை மேசையில் குப்புற வைத்தார். பணம் இல்லை என்று திரும்பியிருந்தால்கூடப் புரிந்திருக்கும். கையெழுத்து பொருந்தவில்லை என்று போட்டிருந்தது. "ஓதில், யாரோ உன் பேர்ல கையெழுத்து போடுறாங்க, பாத்துக்கோ" என்றார். எனக்கு முகம் சுட்டது. துறைமுகத்தில் பெயிண்ட் கடை நடத்திய காலத்தில், திரும்பி வந்த செக்குகளைக் கல்லாவுக்குப் பின்னால் ஊரே பார்க்க ஒட்டிவைத்தவள் நான்.

அந்த வாரம் பாங்கிலிருந்து போன் வந்ததும் உண்மை, நான் பட்டென்று வைத்ததும் உண்மை. பாங்கிலிருந்து பேசுகிறோம் என்று யாராவது சொன்னால் உடனே வையுங்கள் என்று அதே பாங்க்தான் துண்டுத்தாள் அனுப்பியிருந்தது. மறுபடியும் கூப்பிட்டார்கள், மறுபடியும் வைத்தேன். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. பிறகு கடிதம் போட்டார்கள். அதில்தான் தெரிந்தது: என் கணக்கைப் பார்த்துக்கொள்ள உனக்கு நான் கொடுத்திருந்த அதிகாரத்தை வைத்து, நீ அங்கேயிருந்தே செக்குகளின் படங்களைப் பார்த்திருக்கிறாய். எழுத்து யாருடையதோ, கையெழுத்து கோணல்மாணல், ஆகவே மோசடி என்று பாங்குக்குப் புகார் கொடுத்திருக்கிறாய். அதோடு விடாமல், கயெலை வேலைக்கு அனுப்பும் சங்கத்துக்கும் எழுதியிருக்கிறாய்.

கவலையில் செய்தாய். அது தெரியும். ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

செக்கில் தொகையையும் பெயரையும் எழுதியது கயெல். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். கையெழுத்துப் போட்டது நான். அது குற்றம் என்றால் இந்த ஊரில் பாதி வீடுகளைப் பூட்ட வேண்டியிருக்கும். போனிலேயே பணம் அனுப்பலாமே என்பாய். அந்தப் போன் என் விரலைக் கேட்கிறது. விரலை வைத்தால், இது நீ இல்லை என்கிறது. மீன்காரருக்கும் சர்ச்சுக்கும் நான் செக்தான் கொடுத்து வருகிறேன். அவர்களும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்கிறார்கள்.

இனி உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறேன். கேம்பேர் ஆஸ்பத்திரியில், வசந்த காலத்திலேயே, எனக்குப் பார்க்கின்சன் என்று சொல்லிவிட்டார்கள். வலது கை. மாத்திரை போட்டால் கொஞ்ச நேரம் கை என் பேச்சைக் கேட்கும். பிறகு அதன் இஷ்டம். எழுத்து போகப் போகச் சிறுத்துக்கொண்டே வரும், இந்த நோயில் அப்படித்தானாம். உனக்குச் சொன்னால் அடுத்த விமானத்தில் வந்து வீட்டை விற்று, என்னைக் கேம்பேரில் ஏதாவது ஒரு இல்லத்தில் ஜன்னலோரமாக உட்காரவைத்துவிட்டுப் போவாய் என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம். யாரிடமும் சொல்லக்கூடாது என்று கயெலிடம் சத்தியம் வாங்கினேன். முக்கியமாக எர்வானிடம் சொல்லக்கூடாது என்று, உன் பெயரைச் சொல்லியே வாங்கினேன்.

சங்கத்தில் அவளைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். மதாம்தான் கையெழுத்துப் போட்டார் என்றாளாம், என்னை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். அப்படியென்றால் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "அத மதாம்கிட்டயே கேளுங்க" என்று மட்டும் சொன்னாளாம். திமிர் என்று எழுதிக்கொண்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. நோய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே அவள் தப்பித்திருப்பாள். சொல்லவில்லை. ஃபான்ஷ் மூலம் இதைக் கேள்விப்பட்டபோது நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது, எர்வான்.

மறுநாள் ஃபான்ஷின் வண்டியில் பாங்குக்குப் போனேன். நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, திரும்பி வந்த செக்கையும் எடுத்துக்கொண்டேன். போகும் வழியில் மாத்திரையும் போட்டுக்கொண்டேன், அங்கே போய் நடுங்கி நிற்கக் கூடாதே என்று. இப்போது என் கணக்கைப் பார்க்கிறவர் முசியே த்ரெவிதிக் என்ற பையன். பாங்கில் ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், இவன் பெயரை மனப்பாடம் செய்வதற்குள் இவனும் போய்விடுவான். மரியாதையானவன்தான். ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளி, கையெழுத்துப் போடச் சொன்னான்.

போட்டேன். பிரமாதமாக வந்தது. கடையில் போட்ட அதே ஓதில் கெர்வெல்லா, அந்தப் பெரிய சுழி, கடைசியில் அந்த வெட்டு. பல மாதமாக அப்படி வந்ததில்லை. ஒரு நொடி சந்தோஷப்பட்டேன்.

அவன் தன் கம்ப்யூட்டரில் இருந்த பழைய கையெழுத்தைப் பார்த்தான், தாளைப் பார்த்தான், பெருமூச்சு விட்டான். "பாருங்க மதாம், இதுதான் உங்க கையெழுத்து. செக்ல இருக்கிறது வேற யாரோ போட்டது. இப்ப சந்தேகமே இல்ல" என்றான்.

கயெலைக் காப்பாற்றப் போனவள், என் கையாலேயே அவள் கழுத்தில் கயிறு மாட்டிவிட்டேன். நல்ல கோட்டுக்கும் மாத்திரைக்கும் கிடைத்த பலன்.

நோயைச் சொன்னேன். வேலைக்காரியைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொல்லும் கிழவிகளைப் பற்றி அவனுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள் போல. தலையை மட்டும் மெதுவாக ஆட்டினான். டாக்டரின் கடிதம் வீட்டில் இருந்தது. அதைக் கொண்டுவந்தாலும் நோய் இருப்பதைத்தான் காட்டும், செக்கில் கையெழுத்துப் போட்டது யார் என்று காட்டாது. ஆகவே இன்னும் தாள் கொடு என்றேன். மேலிருந்து கீழே, ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டுக்கொண்டே போனேன். முதல் தாள் அழகாகவே இருந்தது. கை ஓயவில்லையே என்று வாழ்க்கையில் முதல்முறையாக எரிச்சல்பட்டேன். வெளியே வரிசையில் நின்றவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள், அதில் என் பழைய வாடிக்கைக்காரர்களும் இருந்தார்கள். போதும் மதாம் என்றான். "இல்ல தம்பி, இனிமேதான் வரும்" என்றேன்.

வந்தது. முதலில் சுழி சுருங்கியது. பிறகு எழுத்து எறும்பு மாதிரி ஆனது. அப்புறம் நடுக்கம். மூன்றாவது தாளின் அடியில் கிடந்ததை, ஃபான்ஷின் செக்குக்குப் பக்கத்தில் அவனே எடுத்து வைத்தான். இரண்டையும் ரொம்ப நேரம் பார்த்தான். எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான். டம்ளரை என்னால் பிடிக்க முடியவில்லை, அவனே பிடித்துக்கொண்டான். "மன்னிச்சுக்குங்க மதாம்" என்றான். அங்கே நான் அழுதேன். உனக்குச் சொல்வதில் என்ன இருக்கிறது, அழுதேன்.

எந்தக் கையெழுத்தைப் பதிவு செய்யட்டும் என்று கேட்டான். சின்னதை என்றேன். பாங்கில் இப்போது நான் அதுதான். ஃபான்ஷின் புதுச் செக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆனால் சங்கம் அசையவில்லை. பாங்க் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்கள். புகார் கொடுத்தவர் மகன், அவரே எழுத்தில் திரும்பப் பெற வேண்டும் என்கிறார்கள். கயெலின் ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. புகார் அப்படியே கிடந்தால் புதுப்பிக்க மாட்டார்கள். இந்தப் பக்கத்தில் வேறு எந்த வீடும் அவளுக்குச் சாவி கொடுக்காது, இங்கே ஒருவர் தும்மினால் நாலு ஊருக்குத் தெரியும். இப்போது எனக்கு வேறு ஒருத்தியை அனுப்புகிறார்கள். வேலை தெரிந்தவள்தான். என் சட்டைப் பொத்தானைக் கேட்காமலே போட்டுவிடுகிறாள். கயெல் கேட்பாள்.

அவள் என்னை மிரட்டுகிறாள் என்று இன்னும் நினைத்தால், இந்தக் கடிதத்தின் முதல் பக்கத்தையும் இந்தப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார். போனில் இதைக் காட்ட முடியாது, அதனால்தான் எழுதினேன். நடுவில் நிறுத்தாமல், இரண்டாவது மாத்திரை போடாமல் எழுதினேன்.

சங்கத்துக்கு இன்றைக்கே எழுது. பிறகு கயெலுக்குப் போன் செய். குறுஞ்செய்தி வேண்டாம், வாயால் பேசு. அவள் கோபித்துக்கொண்டால் கேட்டுக்கொள், பதில் பேசாதே.

என் மேல் கோபம் இருந்தால் அதை வரும்போது காட்டு. கிறிஸ்துமஸுக்கு வருவது சிரமம் என்று தெரியும், டிக்கெட் விலையும் தெரியும். வந்தால் வெண்ணெய் கேக்குக்குக் கயெல் மாவு பிசைவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்வேன். குழந்தையை ஒரு தடவை தூக்கிப் பார்க்க ஆசை. உட்கார்ந்துகொண்டு, நீயும் ஒரு கை கொடுத்தால், முடியும்.

உங்கள் மூவரையும் கடவுள் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஓதில் கெர்வெல்லா

இது நான் போட்டதுதான், எர்வான்.