பழுதில்லாத கிடா

ஞாயிறு, இரவு.

கோபம் இன்னும் ஆறவில்லை. காலையில் பூசை முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பில் தொண்டை கிழியப் பாடம் எடுத்தேன். எருசலேம் கோயிலில் யூதர்கள் பழுதில்லாத ஆட்டைத்தான் பலி கொடுத்தார்கள், இயேசு தன்னையே கொடுத்த பிறகு ஆட்டு ரத்தத்துக்கு வேலையில்லை என்று. வீட்டுக்கு வந்தால் கொட்டகையில் என் கிடாவைக் காணோம். புட்டிப்பால் கொடுத்து நான் வளர்த்தது. சாயங்காலம் என் வீட்டுக்காரர் தூக்குவாளியில் கறியோடு வந்தார். குளத்தூர்ப் பக்கத்து அந்தோணியார் கோயில் அசன விருந்துக்கு வெட்டிவிட்டாராம்.

“ஒரு வார்த்தை கேட்டீங்களா? இயேசுவைக் கும்பிடுற வேதக்காரவுகளுக்கு என்னங்க கிடாவெட்டு?” என்று கத்தினேன்.

“நீ ஆபரேஷன் தியேட்டர்ல கெடந்தப்ப நேந்துக்கிட்டது. ஒரு குறையில்லாத குட்டியாப் பாத்துத்தான் நேந்தேன். ஒன் உசுருக்கு அது உசுரு” என்றார்.

கறியைத் தொடவில்லை. ‘நமக்குப் பதிலாக ஒரு உயிர்’ என்று காலையில் பிள்ளைகளை உரக்கச் சொல்ல வைத்தேன். எனக்குப் பதிலாகப் போன உயிர் இப்போது தூக்குவாளியில் இருக்கிறது.