முழங்கால் உயரச் சுவருக்கும் ஒரு வாசல்

அக்கா,

அன்றைக்கு அங்கே இருந்தது ஐந்து பேர். நீங்கள், உங்கள் மகள் ரஞ்சி, நான், என் வீட்டுக்காரர், வேலிக்கதவைத் திறந்துவிட்ட பலூச்சிக் காவல்காரர். யாரையும் விட்டுவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். "கணக்குப்பிள்ளை" என்று நீங்கள் கேலி செய்த புத்தி இன்னும் மாறவில்லை.

இன்று காலை ரஞ்சி யாழ்ப்பாணத்திலிருந்து போனில் ஒரு படம் அனுப்பினாள். புல் மண்டிய மனை, முழங்கால் உயரச் சுவர்கள், ஓரமாக ஒரு கிணறு. உங்கள் வீடு. பார்த்ததும் அல் ஐன் பக்கத்தில் நாம் பார்த்த அந்தப் பழைய ஊர்தான் கண்ணில் வந்து நின்றது.

எண்பதுகளில் துபாய் சத்வாவில் நாம் பக்கத்து ரூம். ஒரு வெள்ளிக்கிழமை லீவில், இவருடைய கம்பெனி பிக்கப்பில் போனோம். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் ஜனங்கள் குடியிருந்த இடமாம். தோண்டியெடுத்து, வேலி போட்டுக் காத்துவந்தார்கள். எல்லாம் அடிச்சுவர்தான். இவர் ஒரு வீட்டுச் சுவரைத் தாண்டக் காலைத் தூக்கினார். காவல்காரர் விசிலை வாயில் வைப்பதற்குள் உங்கள் குரல்.

"தம்பி, வாசலாலை வாங்கோ!"

"சுவரே முட்டிக்குக் கீழ இருக்கு. இதுல வாசலை எங்கக்கா தேடுறது?"

"உங்கடை வீட்டுக்கு ஆரும் மதில் பாய்ஞ்சு வந்தால் விடுவியளோ?"

ரஞ்சி கைகொட்டிச் சிரித்தாள். நீங்கள் சுற்றிப்போய், சுவரில் இடைவெளி இருந்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தீர்கள். "அச்சா, அச்சா" என்று காவல்காரர் விசிலைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மூலையில் கரி படிந்த குழி. "ஆரோ ஒருத்தி இதிலை குந்தியிருந்து அடுப்பு ஊதியிருப்பாள்" என்றீர்கள். நான் அவளுக்காகச் சிவசிவா என்று கும்பிட்டேன். "அவளுக்குத் தமிழ் விளங்குமோ?" என்று சிரித்தீர்கள். சாமிக்கு விளங்கும் என்றேன்.

திரும்பும் வழியில், ரஞ்சி தூங்கின பிறகு சொன்னீர்கள். "எங்கடை வீடும் எரிஞ்சு போச்சாம். போன கிழமை கடிதம் வந்தது. சுவர் மட்டும் நிக்குதாம்." நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். "எப்பவாவது போனால் வாசலாலைதான் போவன். வாசலிலை நிண்டால் வலக்கைப் பக்கம் கிணறு. கண்ணை மூடிக்கொண்டும் போவன்."

உங்களால் போக முடியவில்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள், அவ்வளவுதான். ரஞ்சியை உங்கள் தங்கை லண்டனுக்குக் கூட்டிப் போனாள்.

இப்போது அவள் ஊருக்கு வந்து, உங்கள் மனையிலேயே புது வீடு கட்டப் போகிறாள். பழைய சுவரை எடுப்பதற்கு முன்னால், அம்மாவின் வாசலில் ஒரு விளக்கு வைக்க வேண்டுமாம். "எது வாசல் எண்டு தெரியேல்லை மாமி, உங்களிட்டை அம்மா சொன்னவவோ?" என்று அழுகிறாள். தெற்கே ஓர் இடைவெளி, வடக்கே ஓர் இடைவெளி. கிணறு கிழக்கே. உள்ளே பார்த்து நின்றால் தெற்கு வாசல், வெளியே பார்த்து நின்றால் வடக்கு. எந்தப் பக்கம் பார்த்து நின்றீர்கள்?

இடிந்த கோயில் மதிலைக்கூட நான் தாண்டுவதில்லை அக்கா. சுற்றித்தான் போகிறேன். நீங்கள் எப்போதும் வீட்டுக்குப் போவதையே பேசுவீர்கள், உள்ளே பார்த்துத்தான் நின்றிருப்பீர்கள், அதனால் தெற்கு என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் உங்கள் வாசலை நான் எப்படி முடிவு செய்வது?

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிறாள். அதற்குள் கனவிலாவது வந்து சொல்லுங்கள். சீக்கிரம் பதில் வேண்டும்.